ரெண்டே கால் கிலோ

நான் கட்டின வண்டியில் சத்தம் வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொன்னால் என்ன, கரூரில் பஸ் பாடி கட்டுகிற எந்த ஷெட்டில் போய்க் கேட்டாலும் நல்லசிவம் கட்டின வண்டியா, கண்ணாடிகூட ஆடாதே என்றுதான் சொல்வார்கள். பதினாறு வருஷமாக ஆங்கிளும் தகடும் ரிவிட்டுமாகக் காலம் போகிறது, எத்தனை ஸ்லீப்பர் கோச், ஒவ்வொன்றிலும் முப்பது படுக்கை, ஒவ்வொரு படுக்கையிலும் யாரோ ஒருவர் காலை நீட்டிப் பெங்களூர் வரைக்கும் தூங்கிக்கொண்டு போகிறார், ஒருத்தர்கூட உருண்டு விழுந்ததாகப் புகார் வந்ததில்லை. அந்தக் கையால் கட்டினது இது. மணி ஒன்றரை. நான் கதவுப் பக்கம் நின்று பார்க்கிறேன், பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்று பார்க்கிறேன், எங்கிருந்து பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் தேக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் என் பெண்ணுக்கு ஒரு படுக்கை. மூன்று பக்கம் கம்பி, ஜன்னலுக்குப் போடுகிற உருட்டுக் கம்பிதான், ஒவ்வொன்றையும் எமரித் தாள் போட்டுத் தேய்த்து என் கன்னத்திலேயே வைத்துப் பார்த்தேன். நாலாவது பக்கமும் கம்பி இருந்தது. மேகலா படுத்தபடியே கையை நீட்டிப் பாப்பாவைத் தொட வேண்டும், நடுவில் எதற்குத் தடுப்பு என்று காலையில்தான் அதைக் கழற்றிக் கொல்லைக் குழாயடியில் சாத்தி வைத்தேன். உள்ளே ஃபோம், ஃபோமுக்கு மேலே ரெக்சின், இளநீல ரெக்சின், எங்கள் ஷெட்டில் சீட்டுத் தைக்கிற கமால் பாய் தைத்துக் கொடுத்தது, சுற்றிலும் பட்டன் வைத்துப் புடைப்புப் புடைப்பாக, முதலாளிகள் வண்டியில் முன் சீட்டுக்குத் தைப்பாரே அந்த வேலை. யாருக்குப்பா என்று கேட்டார். என் மகளுக்கு என்றேன். பதினாறு வருஷத்தில் அந்த ஷெட்டில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கனமானது அதுதான் போலிருக்கிறது.

நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். மேகலாதான் என்னை முன்னால் அனுப்பி வைத்தாள். "ஏனுங்க, டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வர மூணரை ஆயிருமாம், இங்க குறுக்க நெடுக்க நடந்து என்ன பண்ணப் போறீங்க, முன்னால போயி ஊட்டப் பாருங்க, நானும் அம்மாளும் ஆட்டோவுல வந்தர்றோம்." குறுக்கும் நெடுக்கும்தான் நடந்தேன், மூன்று வாரமாக அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஆறு வாரம் முன்கூட்டியே வந்துவிட்டாள் என் மகள், அவளுக்கு என்ன அவசரமோ, ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள், குழாயும் வயருமாக, பெட்டியின் ஓரத்துக்குப் பட்டையாக வைக்கிற ரப்பர் பீடிங் லேசாகப் பிதுங்கியிருந்தது, எனக்குக் கை பரபரத்தது, ஜெசிந்தா சிஸ்டர் முறைத்ததால் தொடவில்லை. தினமும் எடை போடுவார்கள். பத்து கிராம் ஏறினால் மேகலா எனக்குப் போன் பண்ணுவாள், நான் ஷெட் முழுக்கச் சொல்லுவேன், கமால் பாய் நிஜமாகவே சந்தோஷப்படுவார். இன்றைக்குக் காலையில் ரெண்டே கால். போன வாரமே சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். மல்லாக்கப் படுக்க வைக்கணும். கெட்டியான, சமமான படுக்கை. தலையணை கூடாது, கடுகுத் தலையணையும் கூடாது, பஞ்சு, துணி, பொம்மை எதுவும் கிட்ட வேண்டாம். அம்மா படுக்கிற அறையிலேயே, கை எட்டுற தூரத்துல, ஆனா தனியா. உங்க கட்டில்ல நடுவுல போட்டுக்காதீங்க. நான் ஏன் என்று கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "தூக்கத்துல அப்பாவோட கை எவ்வளவு கனம்னு அப்பாவுக்குத் தெரியாதுங்க" என்றார். மேகலா என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

என் தூக்கம் அப்படி. ஊருக்கே தெரிந்த விஷயம். பக்கத்தில் ரிவிட் அடிக்கும்போது தகட்டு அடுக்கின் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு தடவை புது வண்டியை ஓட்டிப் பார்க்க ராத்திரி கூடப் போனேன், திரும்பி வரும்போது தருமபுரி தாண்டிப் பின் டயர் வெடித்து வண்டியே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறது, எல்லோரும் இறங்கி டயர் மாற்றி ஏறியும் விட்டார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தொப்பூர் மேட்டில் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன், ஏழாம் நம்பர் ஜன்னல் சட்டத்தில் க்ரீச் என்று ஒரு சத்தம். டிரைவர் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பார், டயர் வெடித்ததற்கு எழாதவன் ஜன்னல் முனகினதற்கு எழுந்தான் என்று. மேகலாவுக்கும் அந்தக் கதை பிடிக்கும், ஒரம்பரை என்று வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்து விடுவாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. இந்தத் தூக்கத்தை வைத்துக்கொண்டு எப்படி ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் படுப்பது, என் உடம்பைக் கண்டே எனக்குப் பயமாக இருக்கிறது, எழுபத்தெட்டுக் கிலோ, அதுவும் இப்படித் தூங்குகிற எழுபத்தெட்டுக் கிலோ. அத்தை, அதாவது மேகலாவின் அம்மா, நல்ல மனுஷிதான், அவர் சொல்கிறார், "மாப்ள, கோவிச்சுக்காதீங்க, அஞ்சு மாசம் குளித்தலையில எங்கூட்டுல வச்சுப் பாத்து அனுப்பறேன், சேலையில தொட்டில் கட்டிப் போட்டா அது பாட்டுக்குத் தூங்கும், மேகலாளே அப்படித் தூங்கினவதான்." சேலைத் தொட்டிலும் வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார், குறை மாசத்தில் வந்த குழந்தை, தொட்டிலில் கழுத்து மடங்கினால் மூச்சு அடைக்கும். மச்சான் வேறு வலை வைத்த குட்டி மெத்தை ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறான், நாலு பக்கமும் தலையணை, பீரோ மேல் அப்படியே கிடக்கிறது. மேகலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்தாள். "நீங்க செய்யறது சரியா இருந்தா நம்மூட்லயே இருக்கோம். இல்லைனா தொட்டில் கட்டாம அம்மா ஊட்டுல தரையில பாய் போட்டுக்கறேன். வந்து பாத்துட்டுச் சொல்றேன்." பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள். ஏற்றுமதிக்குப் போகிற பெட்ஷீட்டுகளைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு, ஒன்பது வருஷம், விரலை ஒரு ஓட்டு ஓட்டினால் நூல் அறுந்த இடம் தெரிந்துவிடும், புருஷன் செய்தது என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை. அஞ்சு மாசம். அஞ்சு மாசத்தில் என் மகள் குப்புற விழுவாள், சிரிப்பாள், நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். அதற்குள் என் முகம் அவளுக்கு மறந்துபோகும்.

அதெல்லாம் நடக்காது. பார், எவ்வளவு நேர்த்தி. ஓட்டிப் பார்க்காமல் நான் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை, இதையும் ஓட்டிப் பார்ப்போம் என்றுதான் வரும் வழியில் முக்குக் கடையில் அரிசி வாங்கினேன். ரெண்டே கால் கிலோ என்றேன். "ரெண்டரையாப் போட்டுக்கலாமுங்களே" என்றார் கடைக்காரர். வேண்டாம், ரெண்டே கால்தான், ஒரு பிடி கூடக் கூடாது, குறையவும் கூடாது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அரிசியை என் பழைய காக்கிச் சட்டைக்குள் கொட்டிக் கட்டினேன், ஒரு பக்கம் தலை மாதிரிச் சின்னதாக ஒரு முடிச்சு வைத்தேன், வைத்த பிறகு அதைத் தரையில் போட மனசு வரவில்லை, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தேன். அரிசிதானே, ஆனால் இந்தக் கனம் இதுதான், நான் இதுவரை ஏழெட்டுத் தடவைதான் அவளைத் தூக்கியிருக்கிறேன், கைக்கு இந்தக் கனம் பழகட்டும். படுக்க வைத்தேன். மல்லாக்க. பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில், இல்லை, மேகலா படுக்கிற பக்கத்தில் படுத்தேன், கையை நீட்டினால் சரியாக எட்டுகிறது, அளவு என்றால் இதுதான் அளவு. இலவம்பஞ்சு மெத்தை, கல்யாணத்துக்குக் கொடுத்தது, மூன்று வாரத்துக்குப் பிறகு முதுகு மெத்தையைப் பார்க்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது. ஃபேனுக்கு நேர் கீழே படுக்க வைக்கலாமா, சிஸ்டரிடம் கேட்கவில்லையே, கேட்க வேண்டும், ரெக்சின் வேர்க்குமோ, வேர்க்காது, மேலே துணி போட்டிருக்கிறேன், பெயர் என்ன வைப்பது, மேகலா ஒரு பெயர் நினைத்து வைத்திருக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள், வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் பெயர் என்கிறாள், அதுவும் பயம்தான், எனக்குத் தெரியாதா, அந்தப் பயத்தைத்தான் நான் கம்பியும் பட்டனுமாகக் கட்டி வைத்திருக்கிறேன், மேகலா, பார், வந்து பார்.

எழுந்தபோது மணி இரண்டு இருபது. தூங்கிவிட்டேன், அரைமணி நேரம். வலது கை மரத்துப்போயிருந்தது. கையைத் திருப்பினேன், அரிசி மூட்டை படுக்கையில் இல்லை. ஒரு கணம் அது அரிசி என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. தூக்கத்தில் என் கை இழுத்துவிட்டிருக்கிறது, படுக்கைக்கும் எங்கள் மெத்தைக்கும் நடுவில் இருந்தது. தலை முடிச்சு கீழே, இடைவெளியை மூட நான் செருகின ஃபோம் உருளைக்கும் மெத்தை விளிம்புக்கும் இடையில், முகம் கீழே, முகம் என்று எதுவும் இல்லை, காக்கித் துணிதான், ஆனாலும் முகம் கீழே. அதன் மேல் என் முழங்கை இருந்திருக்கிறது. நான் இழுத்தேன், வரவில்லை, கொஞ்சம் பலமாக இழுத்த பிறகுதான் வந்தது. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதேன், அதை எதற்கு மறைக்க வேண்டும், வீட்டில் யாரும் இல்லை. பாப்பா ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறாள், இது வெறும் அரிசி, இதைச் சோறாக்கித் தின்னலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனாலும் மூட்டையைக் கீழே வைக்கவில்லை. இடைவெளி எப்படி வந்தது. நான்தான் விட்டேன். இரண்டு விரல் இடைவெளி. பஸ் பாடியில் இரும்பையும் இரும்பையும் ஒட்ட விடக் கூடாது, ரோடு குலுக்கும், ஒட்டினால் ஒரே மாதத்தில் வண்டி முனக ஆரம்பித்துவிடும், அதனால் இரண்டு விரல் விட்டு நடுவில் மெத்தென்று ஏதாவது கொடுக்க வேண்டும், ரப்பரோ ஃபோமோ. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன், அதனால்தான் என் வண்டியில் சத்தம் வராது. கட்டிலுக்கும் இந்தப் படுக்கைக்கும் நடுவிலும் யோசிக்காமல் கை தானாக இரண்டு விரல் விட்டுவிட்டது, ஃபோமை உருட்டி ரெக்சின் சுற்றி அழகாகச் செருகிவிட்டது. எழுபத்தெட்டுக் கிலோ பக்கத்தில் படுத்தால் இலவம்பஞ்சு அமுங்கும், ஃபோம் அமுங்கும், இரண்டு விரல் ஒரு சாண் ஆகும். சிஸ்டர் கெட்டி என்று சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு நேரே போய் கமால் பாயிடம் ஃபோம் அளவு கொடுத்தேன். வீடு நிற்கிற இடத்தில் நிற்கிறது, ரோடா குலுக்கப் போகிறது, மடையா.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கத்தியை எடுத்தேன். முதல் பட்டனை அறுக்கும்போது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு தையல், கமால் பாய் மூன்று நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தைத்தது. அவரிடம் எப்படிச் சொல்வேன். சொல்லிவிடுவேன், அவர் ஐந்து பிள்ளை பெற்றவர், புரிந்துகொள்வார். பத்துப் பட்டன் போன பிறகு வலி போய் ஒருவிதக் கோபம் வந்தது, அதன் பிறகு வேலை சீக்கிரம் நடந்தது. ஃபோம், உருளை, ஓரப் புடைப்பு, எல்லாம் கொல்லைக்குப் போயின. அடியில் இருந்த பிளைவுட் பலகை, அதன் மேல் ஒரு அங்குலத் தேங்காய்நார் மெத்தை, அவ்வளவுதான் மிச்சம், உள்ளங்கையால் அழுத்தினால் அமுங்கவில்லை. நாலு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தேன், சுண்டு விரல்கூட நுழையவில்லை. குழாயடியில் கிடந்த நாலாவது பக்கத்தைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்து திரும்பப் பூட்டினேன். ஒன்றரைச் சாண் உயரம், மேகலா கையை மேலாகப் போட்டுத் தொட்டுக்கொள்ளட்டும், தடுப்பு தடுப்பாகவே இருக்கட்டும். அடுத்தது இடைவெளி. படுக்கையைத் தள்ளித் தேக்குச் சட்டத்தோடு ஒட்ட வைத்தேன், என் கை மறுபடியும் கொஞ்சம் பின்னால் இழுத்தது, நிஜமாகவே இழுத்தது, நான் அதை முழங்காலால் தள்ளினேன். டூல் பெட்டியில் இரண்டு யு போல்ட் இருந்தன, பஸ்ஸின் பின் ஸ்பிரிங் பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிறவை, அவ்வளவு பெரிய வண்டியையே விடாமல் பிடிக்கிற போல்ட். கட்டில் சட்டத்தைச் சுற்றிப் போட்டு நட்டை இறுக்கினேன், இறுக்கி, மேலும் அரைச் சுற்று. தேக்கில் தடம் விழுந்தது, விழட்டும். அரிசி மூட்டையைத் திரும்பப் படுக்க வைத்துவிட்டு, கட்டிலில் விழுந்தேன், புரண்டேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன், யாராவது ஜன்னலில் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருப்பார்கள். மூட்டை அசையவில்லை. படுக்கை அசையவில்லை. ஆனால் க்ரீச். நான் புரளும் ஒவ்வொரு தடவையும் இரும்பும் தேக்கும் உரசி ஒரு க்ரீச். என் காதில் அது ஊசி ஏற்றின மாதிரி ஏறியது. என் வீட்டில், என் மகளுக்கு நான் கட்டினதில், சத்தம். கிரீஸ் டப்பாவை எடுத்து மூடியைத் திறக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மேகலா மெதுவாக நடந்து வந்தாள். அத்தை பையோடு பின்னால். பாப்பா துணிக்குள் இருந்தாள், மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. நான் கையில் கிரீஸ் டப்பாவோடு கதவோரம் நின்றேன், உடம்பெல்லாம் ஃபோம் தூள். மேகலா குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள், சரிபார்க்க. விரல் கம்பியில் ஓடியது, மூலையில் நின்றது, பலகையை அழுத்தியது. கட்டிலுக்கும் படுக்கைக்கும் நடுவில் விரலை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. "நீல ரெக்சின்னு சொன்னீங்களே" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரிசி வாங்கினது, தூங்கினது, மூட்டை இருந்த இடம், இரண்டு விரல். அத்தை நெஞ்சில் கை வைத்தார். மேகலா காக்கி மூட்டையை எடுத்தாள், தூக்கிப் பார்த்தாள், எடை தெரிந்திருக்கும், கண் கலங்கியது. கட்டிலில் உட்கார்ந்தாள். க்ரீச். "சத்தம் வருதுங்களே." "இதோ, கிரீஸ் போட்டா நின்னுரும்" என்று குனிந்தேன். "வைங்க அந்த டப்பாவ" என்றாள். பிறகு, "படுங்க, தூங்கற மாதிரி படுத்துத் திரும்புங்க." படுத்துத் திரும்பினேன். க்ரீச். எனக்கே தெரியாமல் தலை தூக்கிவிட்டது. அவள் மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "டயரு வெடிச்சாலும் எந்திரிக்காத மனுசன், இதுக்கு மட்டும் எந்திரிப்பீங்கல்ல. இது இப்படியே இருக்கட்டும். அம்மா, குளித்தலைக்கு அப்புறம் போலாம்." அத்தை குழந்தையை அவளிடம் கொடுத்தார். மேகலா அவளை மல்லாக்கப் படுக்க வைத்தாள், கெட்டிப் பலகையில், ஒரே ஒரு விரிப்பின் மேல், தலையணை இல்லாமல், பட்டன் இல்லாமல். பாப்பா ஒரு தடவை கையை விரித்தாள், மூடினாள், தூங்கிப்போனாள். என் பெண்ணல்லவா. "மகிழினி" என்றாள் மேகலா, சும்மா, ரேஷன் கார்டில் எழுதச் சொல்கிற மாதிரி. நான் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு கிரீஸ் டப்பாவை மூடிப் பெட்டியின் அடியில், எளிதில் கைக்கு வராத இடமாகப் பார்த்து வைத்தேன். நாளைக்கு ஷெட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும், நல்லசிவம் கட்டினதிலேயே சத்தம் வருகிற ஒரே வண்டி இதுதான் என்று.